ஆஷ்பி என்றொரு ஊர்

மொன்றியலில் வீட்டை அரைக்கணக்கில் சொல்வார்கள். குளியலறைக்கு அரை, மற்ற அறைகளுக்கு ஒவ்வொன்று. நான் பார்க்-எக்ஸ்ரென்ஷனில் குடியிருப்பது ஒன்றரை. அடுப்பும் கட்டிலும் உடுப்புப் பெட்டியும் ஒரே அறைக்குள். கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டிக் கேத்திலை அணைக்கலாம். வந்த புதிதில் இந்த அரைக்கணக்கு எனக்குப் பெரிய பகிடியாக இருந்தது. ஆறு வருடம் ஆகிவிட்டது, இப்போது பகிடியாக இல்லை. இந்த ஒன்றரைக்குள் இரண்டு ஆண்கள் ஒளித்துக் குடியிருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் கொஸ்தா ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஏலாது. கீழே வாசலில் உள்ள என் தபால்பெட்டியில் இரண்டு பெயர் ஒட்டியிருக்கிறது. ஒன்று செல்வரத்தினம். மற்றது ஆஷ்பி.

கொஸ்தா கிரேக்கர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சந்திப்பது அபூர்வம். ஒருநாள் படியில் மறித்து, அந்த ஆஷ்பி வெள்ளைக்காரனா, அவன் ஏன் ஒருநாளும் வெளியே வருவதில்லை என்று கேட்டார். அது நான்தான் என்றேன். அப்படியென்றால் செல்வரத்தினம் எங்கே என்றார். அதுவும் நான்தான் என்றேன். மனுசன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தவர், குழாயைப் பார்க்காமல் குவளைக்குள் எத்தனை பல் பிறஷ் இருக்கிறது என்று பார்த்தார். ஒன்றுதான் இருந்தது. அதற்கும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு பெயரைக் கழற்று, இல்லாவிட்டால் இரண்டு பேருக்கு வாடகை என்று அன்றுமுதல் ஒரே பாட்டு. கழற்றலாம்தான். செல்வரத்தினத்தைக் கழற்றினால் அரசாங்கத்துக் கடிதம் வராது. ஆஷ்பியைக் கழற்றினால் என் மனைவியின் கடிதம் வராது. தபால்காரி பெட்டியில் இல்லாத பெயரைத் திருப்பி அனுப்பிவிடுவாள், அதில் அவள் வலு கண்டிப்பு.

யாழ்ப்பாணத்துத் தமிழனுக்கு ஆஷ்பி என்ற பெயர் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கக்கூடும். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். என் பூட்டனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் கந்தன். பாதிரிமாரின் விடுதிப் பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்த்தபோது அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்கு அப்பால் இருந்து யாராவது ஒருவர் ஒரு பிள்ளையின் சோற்றுக்கும் துணிக்கும் பணம் அனுப்புவார். பிள்ளை அவருடைய பெயரை வைத்துக்கொள்ளும். கந்தனுக்குச் சோறு போட்டவர் இங்கிலாந்தில் இருந்த ஆஷ்பி என்ற ஒரு சீமாட்டி. அவர் கந்தனைக் கண்டதில்லை, கந்தனும் அவரைக் கண்டதில்லை. வருடத்துக்கு ஒருமுறை நன்றிக் கடிதம் எழுதுவதாம், அவ்வளவுதான் உறவு. பையன் ஞானஸ்நானம் பெற்றுப் படித்து வாத்தியாராகிக் கலியாணம் முடித்தான். அம்மையார் செத்துப்போனார். பெயர் மட்டும் எங்களுடனேயே தங்கிவிட்டது, தலைமுறை தலைமுறையாக.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டம் ஆஸ்பத்திரி. இடாப்புக் கூப்பிடும்போது வாத்தியார் ஆஷ்பி என்பார், பின்வாங்கில் இருந்து நாலு பேர் இருமுவார்கள். வெள்ளைக்காரன் பேரன் என்று ஒருத்தன் சொல்லுவான், சோத்துக்குப் பேரை வித்தவங்கள் என்று இன்னொருத்தன் சொல்லுவான். பின்னதுதான் சுட்டது, ஏனென்றால் அதில் உண்மை இருந்தது. வளர்ந்த பிறகும் அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கும். ரஞ்சினி அப்படியில்லை. கலியாணப் பதிவில் ரஞ்சினி ஆஷ்பி என்று கையெழுத்து வைத்துவிட்டு, பத்திரிகையில் வாற பெயர் மாதிரிக் கிடக்கு என்று சிரித்தாள். மகள் பிறந்தபோதும் அவள்தான் பிறப்புப் பதிவில் ரூத் ஆஷ்பி என்று போடவைத்தாள். ரூத்துக்கு இரண்டு வயது நடக்கையில் நான் புறப்பட்டேன்.

விமானத்தால் இறங்கும்போது என் கையில் ஒரு கடதாசியும் இல்லை. கொண்டுவந்து சேர்த்தவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அகதி விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவர் பொன்ராசா அண்ணை. பார்க்-எக்ஸில் புதிதாக வருகிற எங்கள் சனத்துக்கு விண்ணப்பம் நிரப்புவது அவர்தான், ஒரு சதம் வாங்கமாட்டார், தேத்தண்ணி மட்டும் போதும். முதல் கட்டத்தில் குடும்பப் பெயர் என்று இருந்தது. அவர் என்னைக் கேட்கவே இல்லை. "எங்கட சனத்துக்கு அப்பிடி ஒண்டு இல்லைத் தம்பி, நாங்கள் அப்பான்ரை பேரைப் போடுவம்" என்று சொல்லிக்கொண்டே செல்வரத்தினம் என்று எழுதினார். நூறு பேருக்கு அப்படித்தான் எழுதியிருந்தார், நூறு பேருக்கும் அது சரிதான். நூற்றியோராவது ஆளாகிய நான் அவருடைய பேனாவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அண்ணை, எனக்கு ஒன்று இருக்கிறது என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு நானே பலமுறை விசாரித்தேன். ஆங்கிலப் பெயர் சொன்னால் தமிழன் என்று நம்பமாட்டார்கள் என்று பயந்தேன் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். அது பாதிதான். மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் செல்வரத்தினம் என்ற எழுத்துகளைக் கண்டபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. முப்பத்திரண்டு வயதில் முதன்முதலாக மற்றவர்களைப்போல ஒரு பெயர். இனி ஒருத்தரும் இருமமாட்டார்கள். பொன்ராசா அண்ணை கடைசித் தாளைத் திருப்பினார், நான் கையெழுத்து வைத்தேன்.

அந்தப் பெயரிலேயே என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். பிறகு மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பித்தேன். ஊரில் இருந்து கலியாணப் பதிவும் பிறப்புப் பதிவும் வந்தன. இரண்டிலும் கணவன், தகப்பன் என்ற இடத்தில் தேவராஜ் ஆஷ்பி என்று இருந்தது. கனடாவில் அப்படி ஓர் ஆள் இல்லை. இங்கே இருப்பவர் தேவராஜ் செல்வரத்தினம். எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இந்தப் பிள்ளையின் தகப்பனும் விண்ணப்பதாரரும் ஒரே ஆள் என்பதற்குத் திருப்தியான சான்று இல்லை, பெயர் வேறுபாட்டை விளக்கவும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். கடிதத்தை வாசித்துவிட்டு நான் கட்டிலில் இருந்தேன். பொய் சொல்லியிருந்தால்கூடப் பொய்யை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம். இது இரண்டும் உண்மை.

ரஞ்சினிக்கு அன்றுதான் முழுக்கதையையும் சொன்னேன். தொலைபேசி அட்டையில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்கள் வெக்கப்பட்டு விட்டிட்டுப்போன பேரிலைதான் நானும் பிள்ளையும் இருக்கிறம்" என்றாள்.

அட்டை முடிந்து தொடர்பு அறுந்தது. ஜான்-டலோன் சந்தையில் எனக்கு வேலை, தக்காளி அடுக்குவது. அன்று முழுவதும் அழுகலையும் நல்லதையும் ஒரே பெட்டியில் போட்டு முதலாளியம்மாவிடம் ஏச்சு வாங்கினேன்.

சட்டத்தரணி மேத்ர் பிக்காரின் அலுவலகம் ஆற்றுக்கு அப்பால் லொங்கேயில். மேத்ர் என்பது இங்கே சட்டத்தரணிமாரின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. மஞ்சள் பாதை மெத்ரோ ஆற்றுக்கு அடியால் போகும். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, இருட்டில் என் முகம்தான் தெரியும். அந்தச் சின்னப் பயணம்தான் நான் மொன்றியல் தீவைவிட்டு வெளியே போகிற பயணம். வழக்கு முடியுமட்டும் நாட்டைவிட்டு வெளிக்கிட ஏலாது, வெளிக்கிட்டால் கோப்பு விழுந்துவிடும் என்று பயம் காட்டியிருந்தார்கள். ரொறன்ரோவில் மச்சான் வீட்டுச் சடங்குக்குக்கூடப் போகவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடிதம் வந்துவிட்டால்? இப்படித்தான் தபால்பெட்டியைச் சுற்றி ஆறு வருடம் கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றேன்.

மேத்ர் பிக்கார் நல்ல பெண், ஆனால் பிரெஞ்சில் யோசித்து ஆங்கிலத்தில் கேட்பவர். உங்கள் பூட்டனை ஆங்கிலக் குடும்பம் தத்தெடுத்ததா என்றார். இல்லை, பெயரை மட்டும்தான் எடுத்தோம் என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து நகலைப் பார்த்தால், ஆஷ்பி குடும்பத்தின் தத்துப்பிள்ளையின் வாரிசு என்று என்னைப் பற்றி இரண்டு பக்கம் அழகாக எழுதி அனுப்பியிருக்கிறார். உடனே அடுத்த கடிதம் வந்தது, தத்துப் பத்திரத்தைக் காட்டு என்று. தலையில் கைவைத்தேன். அவரும் வெட்கப்பட்டார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு, தன் பெயரின் கதையைச் சொன்னார். பிக்கார் என்றால் பிக்கார்டி என்ற பிரெஞ்சு மாகாணத்தைச் சேர்ந்தவன். அங்கிருந்து கப்பலேறி வந்த ஒருத்தனுக்கு இங்கே வைத்த பெயர். அந்த மாகாணம் எந்தத் திசையில் என்றுகூட எனக்குத் தெரியாது, ஆனால் ஒருவரும் என்னிடம் சான்று கேட்பதில்லை என்றார். உங்கள் பெயருக்கும் அப்படி ஒரு வேர் இருந்தால் தேடிக்கொண்டு வாருங்கள், முதலில் இருந்து எழுதுவோம் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போனேன். ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கென்றே தலையணைத் தடிப்பில் ஒரு புத்தகம் இருந்தது. ஆஷ்பி என்பது ஆள் பெயரே இல்லை. அது ஊர்ப்பெயர். ஆஷ் என்பது ஒரு மரம். பி என்பது கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வட ஐரோப்பியர் பாஷையில் பண்ணை, குடியிருப்பு. ஆஷ் மரத்தடி ஊர், அவ்வளவுதான். அப்படி ஒன்றல்ல, பல ஊர்கள் உண்டாம். எங்களுக்குச் சோறு போட்ட சீமாட்டியின் வம்சம் எந்த ஊரில் இருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையின் பெயர் புளியடி. அங்கேயும் ஊருக்கு ஊர் ஒரு புளியடி, ஓர் ஆலடி, ஒரு வேம்படி. பள்ளிக்கூடக் காலம் முழுக்க நான் கூனிக் குறுகித் திரிந்தது வெள்ளைக்காரனுடைய ஒரு புளியடிக்காகவா?

அதற்குக் கீழே இருந்த வசனம்தான் என்னை இருத்தியது. இப்படிப்பட்ட பெயர்கள் அந்தந்த ஊரில் இருந்தவர்களுக்கு வந்தவை அல்லவாம். ஆஷ்பியில் எல்லோருமே ஆஷ்பிக்காரர், அங்கே ஒருவரை அப்படிக் கூப்பிடுவதில் பிரயோசனம் இல்லை. அந்த ஊரை விட்டு வேறு ஊருக்குப் போனவனைத்தான், அங்கே இருந்தவர்கள் ஆஷ்பியிலிருந்து வந்தவன் என்று கூப்பிட்டார்கள். பிறகு அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் சனத்தை யோசித்தேன். பொன்ராசா அண்ணையை இங்கே எல்லோரும் புங்குடுதீவுப் பொன்ராசா என்றுதான் சொல்வார்கள். புங்குடுதீவில் அவர் வெறும் பொன்ராசாவாகத்தான் இருந்திருப்பார். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று எனக்கு விண்ணப்பம் நிரப்பிய மனுசன், தனக்கு ஒன்று முளைத்திருப்பதைக் கவனிக்கவில்லை.

புத்தகத்தில் அந்த மரத்தின் இலைப் படமும் இருந்தது. நடு ஈர்க்கின் இருபக்கமும் சோடி சோடியாகச் சிற்றிலை, நுனியில் தனியாக ஒன்று. எங்கோ கண்ட இலை. வீட்டுக்கு வந்து கொஸ்தாவின் படிக்கட்டில் கால்வைக்கும்போதுதான் பார்த்தேன். வாசலில் மாநகரசபை நட்ட மரம், இத்தனை வருடமாக நான் பனிச்சப்பாத்தைத் தட்டுவதற்கு மட்டும் பாவித்த மரம், அதுதான். ஓர் இலையைப் பிடுங்கி மேத்ர் பிக்காரின் கோப்புக்குள் வைத்தேன். இதைச் சான்றாக அனுப்ப முடியாது என்று அவர் சிரித்தார். ஆனால் பெயரின் கதையை இந்தமுறை சரியாக எழுதினார். ஊர் பெயரானது, பெயர் நன்கொடையானது, நன்கொடை ஒரு சிறுவனின் பெயரானது என்று நாலு பக்கம். என் ஞானஸ்நானப் பதிவும் பொன்ராசா அண்ணையின் சத்தியக்கடதாசியும் சேர்ந்து போயின. அண்ணை அதில் கையெழுத்து வைக்கும்போது கண்கலங்கினார். "நான் உன்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் தம்பி" என்றார். நானும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் கோப்பு அசைந்தது. கொழும்பில் நேர்முகத்துக்கு ரஞ்சினியையும் ரூத்தையும் கூப்பிட்டார்கள். சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பாதை திறந்திருந்த நாட்கள் அவை. விடிய வெளிக்கிட்டு வஸ்ஸில் போனார்கள். ரூத்துக்கு அப்போது ஏழு வயது. தாய்க்காரி ஒரு மாதமாக அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். அப்பாவின் பெயர் என்ன என்று கேட்டால் இரண்டையும் சொல்லவேண்டும், தேவராஜ் ஆஷ்பி, கனடாவில் தேவராஜ் செல்வரத்தினம், இரண்டும் ஒரே அப்பா. தொலைபேசியில் எனக்கும் ஒப்புவித்துக் காட்டினாள். ஒரு பிழையும் விடவில்லை. அன்று சந்தையில் நான் தக்காளியைக் கோபுரம் கோபுரமாக அடுக்கினேன். முதலாளியம்மா என்ன விசேஷம் என்று கேட்டார். மகளும் மனைவியும் வரப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். இரட்டைக் கட்டில் ஒன்றுக்கு விலைகூடப் பார்த்தேன், அறைக்குள் அது கொள்ளாது என்று தெரிந்தும்.

நேர்முகம் முடிந்த அன்று ரஞ்சினி கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தாள். குரலைக் கேட்டவுடனேயே ஏதோ பிசகு என்று விளங்கியது. அவளிடம் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாளாம். பிறகு அந்த அதிகாரி, தாய் பக்கத்தில் இருக்க, மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பிள்ளையைக் கேட்டாராம், உன் அப்பாவின் பெயர் என்ன. ரூத் தாயைப் பார்த்தாளாம். தாய் குனிந்துகொண்டாளாம், கண்காட்டினாள் என்று வந்துவிடக் கூடாதே. எந்தப் பெயர் முதலில், எந்தப் பெயர் பிறகு என்று பிள்ளைக்குக் குழம்பிவிட்டது. கடைசியில் வீட்டில் எல்லோரும் சொல்கிறதைச் சொல்லிவிட்டாள்.

"மொன்றியல் அப்பா."

வேறு பெயர் இருக்கிறதா என்று திரும்பவும் கேட்டிருக்கிறார்கள். இல்லை, அதுதான் பெயர் என்றாளாம். பிள்ளை சொன்னதில் என்ன பிழை? மொன்றியல் எடுக்குது, ஓடிவா என்றுதான் அந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவார்கள். மொன்றியல் காசு, மொன்றியல் சொக்லேட், மொன்றியல் கடிதம். ஆஷ்பிக்காரனுக்கும் புங்குடுதீவாருக்கும் விட்டுவந்த ஊர் பெயராயிற்று. நான் விட்டு வெளியேற முடியாத ஊர் எனக்குப் பெயராயிற்று. இதை அப்போது நான் இவ்வளவு தெளிவாக யோசிக்கவில்லை. பிள்ளையை ஏசாதே என்று மட்டும் ரஞ்சினிக்குச் சொன்னேன். ஏசிவிட்டேன் என்று சொல்லி அவள் அழுதாள்.

நிராகரிக்கவில்லை. தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இரத்தப் பரிசோதனை செய்து உறவை நிறுவுக என்று எழுதினார்கள். நான் மறுநாளே போய் என் பங்கைக் கொடுத்தேன். ரூத் தன் பங்கைக் கொடுக்கக் கொழும்புக்கு வரவேண்டும். அவர்கள் ஊருக்குத் திரும்பிய சில கிழமைகளில் திரும்பச் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். கொழும்புக்குப் போகிற கப்பலுக்குப் பெயர் பதிந்துவிட்டு ரஞ்சினி காத்திருக்கிறாள். அவள் அங்கே வெளிக்கிட முடியாமல், நான் இங்கே வெளிக்கிட முடியாமல். என் இரத்தம் மட்டும் எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் மகளுடையதை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறது.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. கப்பலில் ஏறி எங்கெங்கோ தங்கி வந்த கடிதம், மூலைகள் மழுங்கியிருந்தன. கீழே விலாசம் ரஞ்சினியின் ஆங்கில எழுத்து. மேலே பெயர் எழுதும் இடத்தில் தமிழில், கொம்பு ஒருபக்கமும் கால் ஒருபக்கமுமாகச் சரிந்த பெரிய எழுத்தில் ‘மொன்றியல் அப்பா’ என்று இருந்தது. எந்தப் பெயரை எழுதுவது என்று தனக்குப் பயமாக இருந்ததாகவும், அதனால் ரூத்தையே எழுதவிட்டதாகவும் ரஞ்சினி உள்ளே எழுதியிருந்தாள். அவ்வளவு கண்டிப்பான தபால்காரி இந்த ஒன்றைத் திருப்பி அனுப்பவில்லை. என்ன நினைத்தாளோ. நான் வாசலிலேயே படியில் இருந்து மூன்றுமுறை வாசித்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்துவந்து, அந்த இரண்டு சொற்களை உறையில் இருந்து வெட்டித் தபால்பெட்டியில் மற்ற இரண்டு பெயருக்கும் மேலே ஒட்டினேன்.

ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கொஸ்தா வந்துவிட்டார். மூன்றாவது பெயரைக் கண்டதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். இது யார் புதிதாக, எந்த நாட்டு எழுத்து என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையைச் சொல், நான் ஒன்றும் செய்யமாட்டேன், அந்த ஒன்றரைக்குள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"அரை" என்றேன்.

வீட்டுக் கணக்கை வைத்து நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சிரித்து, என் தோளில் தட்டிவிட்டுப் படியேறிப் போனார். நான் பெட்டியைத் திறந்து, இன்னும் ஏதாவது கிடக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தேன்.